புயா குசாசா

ஜூலு மொழியில் நான் முதன்முதலில் திக்காமல் சொல்லக் கற்றுக்கொண்டது ‘புயா குசாசா’. நாளைக்கு வா என்று அர்த்தம். ‘சவுபோனா’ என்று வணக்கம் சொல்லப் பழகியதெல்லாம் அதற்கப்புறம்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் அரசு உதவித்தொகை அலுவலகத்தில் 1981 முதல் 2017 வரை சன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். ஜூலுப் பாட்டி வந்தால் ‘புயா குசாசா, கோகோ’. நம்ம பாட்டி வந்தால் ‘நாளைக்கு வாங்க ஆயா’. மொழிதான் வேறு.

எந்த அலுவலகம், எந்தக் கிளை என்று எழுதப்போவதில்லை. கூட வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் இன்னும் டர்பனின் இந்தியர் பகுதியான சாட்ஸ்வொர்த்தில்தான் இருக்கிறார்கள். காவடியிலும் கருமாதியிலும் முகம் பார்க்க வேண்டும். அதோடு, இங்கே நான் சொல்லவந்த தப்பு முதலில் என்னுடையது.

எழுதத் தூண்டியது எங்கள் கோவில் குருக்களின் தம்பி. தமிழ்நாட்டில் சட்டம் படித்தவன், மூன்று மாதம் அண்ணனோடு தங்க வந்திருந்தான். புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் கோவில் கூடத்தில் நாங்கள் இலை போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டான்: “பெரியம்மா, உங்க நாட்டு சாசனத்துல வீடு, வைத்தியம், சாப்பாடு, தண்ணி எல்லாமே உரிமைன்னு எழுதியிருக்காமே? எங்க ஊர்ல இதெல்லாம் வழிகாட்டு நெறி. கோர்ட்டுக்குப் போக முடியாதுன்னு 37வது பிரிவே சொல்லிடுது. நீங்க குடுத்து வச்சவங்க.”

உண்மைதான். 1996 டிசம்பர் 10 அன்று ஷார்ப்வில்லில் மண்டேலா கையெழுத்துப் போட்ட சாசனத்தின் 26வது பிரிவு வீட்டைச் சொல்கிறது. 27வது பிரிவு வைத்தியம், போதுமான உணவு, தண்ணீர், சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றையும், 29வது பிரிவு படிப்பையும் சொல்கின்றன. கிடைக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். நான் அவனுக்குப் பழமொழியில் பதில் சொன்னேன்: “சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமே தம்பி. முப்பத்தாறு வருஷம் நான்தான் அந்தப் பூசாரி.” பக்கத்தில் நின்ற குருக்கள் கோபித்துக்கொள்வாரோ என்று பார்த்தேன். சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

எங்கள் குடும்பத்துக்கு அரசு வேலை புதிதில்லை. தாத்தா டர்பன் கார்ப்பரேஷனில் தெருக் கூட்டினார். நகராட்சியின் இந்தியத் தொழிலாளிகளை வைத்திருந்த மேகசின் பேரக்ஸில்தான் நான் பிறந்தேன். பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை, ஒரு அறையில் ஒரு குடும்பம். பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசுகிற சனம். ஊரையே சுத்தமாக வைத்திருந்தவர்களுக்கு அந்த ஊரில் ஓட்டு கிடையாது. அறுபதுகளில் அதையும் காலி செய்து எங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். புது வீட்டில் குழாயைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வருகிறது என்று ஆயா நாள் முழுக்கத் திறந்து மூடிக்கொண்டிருந்தாராம். துரத்தப்பட்ட துக்கத்துக்கு நடுவே அப்படி ஒரு சந்தோஷமும் இருந்திருக்கிறது. அதை ஒத்துக்கொள்ள எங்கள் ஆட்களுக்கு இன்னும் கூச்சம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் சன்னலுக்கு இந்தியர்கள் மட்டும்தான் வருவார்கள். வெள்ளையர்களுக்கு வேறு அலுவலகம், கலப்பினத்தவருக்கு வேறு, ஆப்பிரிக்கர்களுக்கு வட்டாரத்துக்கொன்று. முதியோர் பென்ஷன் சட்டம் 1928லேயே வந்தது, ஆனால் இந்தியர்களையும் ஆப்பிரிக்கர்களையும் அதில் சேர்த்தது 1944ல். சேர்த்த பிறகும் தோலைப் பார்த்துத்தான் தொகை. ஆப்பிரிக்கர்களுக்கு மாதாமாதம்கூடக் கிடையாது, இரண்டு மாதத்துக்கு ஒருதரம்தான் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே தொகை என்று ஆனது 1993ல்தான்.

அப்புறம் எல்லா இனத்தவரும் ஓட்டுப் போட்ட 1994 தேர்தல் வந்தது, வரிசைகள் ஒன்றாயின. வரலாற்றுப் புத்தகத்தில் அது ஒரு வரி. எங்களுக்கு, ஒரு திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருநூறு கோகோக்கள். விடிவதற்கு முன்பே மலையேறி இறங்கி வந்திருக்கிறார்கள். உள்ளே நாங்கள் ஆறு பேர். அந்த மாதம்தான் ‘புயா குசாசா’ கற்றுக்கொண்டேன்.

1997 அக்டோபரில் அரசு ஊழியர்களுக்கான ‘பாத்தோ பெலே’ வந்தது. சோத்தோ மொழியில் ‘மக்கள் முதலில்’. கலந்தாலோசிப்பது, மரியாதையாக நடத்துவது, தகவல் சொல்வது, தவறினால் சரிசெய்வது என்று எட்டுக் கொள்கைகள். ஃபிரேம் போட்ட சுவரொட்டியாக வந்து சேர்ந்தது. பொதுமக்கள் காத்திருக்கும் பக்கத்துச் சுவரில் மாட்டினோம். எங்கள் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

2001. தேதி நினைவில்லை, மழைக்காலம். ஒரு ஆயா வந்தார். அறுபது முடிந்து சில மாதம் ஆகியிருந்தது. பென்ஷன் வயது பெண்களுக்கு அப்போது 60, ஆண்களுக்கு 65. ஆண்களுக்கும் அறுபதாக்கியது பிற்பாடு, 2010ல் முடிந்தது. பச்சை ஐடி புத்தகத்தில் அவர் பெயரின் கடைசியில் ஒரு ‘ம்’. பழைய பள்ளிச் சான்றிதழில் இரண்டு. குடும்பப் பெயர் ஐடியில் அப்பாவுடையது, வங்கிக் காகிதத்தில் புருஷனுடையது. கோவிலில் தாலி கட்டிய கல்யாணம், பதிவு செய்யவில்லை. ஐந்து பிள்ளை பெற்றவர் அரசாங்கத்தின் கண்ணுக்குக் கன்னிப்பெண். எங்கள் சனத்தில் இது சர்வசாதாரணம். 1860ல் முதல் கப்பல் வந்ததிலிருந்து எங்கள் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதினவர்கள் இங்கிலீஷ் குமாஸ்தாக்கள். ஒரே அண்ணன் தம்பிக்கு மூன்றுவிதக் குடும்பப் பெயர் உள்ள வீடுகள் எனக்குத் தெரியும்.

“போலீஸ் ஸ்டேஷன்ல அஃபிடவிட் எழுதி வாங்கிட்டு நாளைக்கு வாங்க ஆயா” என்றேன். வந்தார். அஃபிடவிட்டில் முத்திரை தெளிவாக விழவில்லை. நாளைக்கு வாங்க. வந்தார். வங்கிக் காகிதம் மூன்று மாதத்துக்கு முந்தியது. நாளைக்கு வாங்க. ஒவ்வொரு தடவையும் இரண்டு டாக்ஸி மாறி வர வேண்டும். டாக்ஸி என்றால் இங்கே பதினைந்து பேரை அடைக்கும் வேன். நான்காவது தடவை அவர் வரவில்லை.

ஏழு மாதம் கழித்துப் பேத்தியோடு வந்தார். எல்லாக் காகிதமும் சரியாக இருந்தன. கையெழுத்து வாங்கினேன், பணம் வர ஆரம்பித்தது. அந்தப் பேத்தி, பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த பெண், என்னைக் கேட்டாள்: “ஆன்ட்டி, முன்னாடி வந்த மாசத்துக்கெல்லாம் பணம் கிடையாதா?” கிடையாது. உதவித்தொகைக் கணக்கு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்துதான் ஓடும். நான் முதல் நாளே கையெழுத்து வாங்கித் தேதி முத்திரை குத்தியிருந்தால் குறைக் காகிதங்களைப் பிறகு வாங்கியிருக்கலாம். நான் வாங்கவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அரைகுறை விண்ணப்பத்தை வாங்கினால் அது ‘நிலுவை’ என்று கணக்கில் ஏறும். மாதக் கடைசியில் யார் மேசையில் எத்தனை நிலுவை என்று மேலதிகாரி கேட்பார். நிராகரித்தால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், மேல்முறையீடு வரும், கோப்பு நடக்கும். நாளைக்கு வா என்று அனுப்பினால் ஒன்றுமில்லை. வந்தவர் வரவே இல்லை என்றாகிவிடும். என் மேசை சுத்தமாக இருக்கும். அந்த வருடம் எங்கள் கிளைக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது, நிலுவை குறைவு என்று.

சாசனத்தின் 33வது பிரிவு, அரசு நடவடிக்கையால் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தில் காரணம் கேட்கும் உரிமை உண்டு என்கிறது. அதை நடைமுறைப்படுத்தும் சட்டம் 2000ல் வந்தது. 90 நாளுக்குள் காரணம் கேட்கலாம். எதற்குக் கேட்பது? ‘இல்லை’ என்று சொன்னால்தானே கேட்க முடியும். நான் யாருக்கும் இல்லை என்று சொன்னதே இல்லையே.

இதைச் சொல்லும்போது எனக்குச் சுப்பிரமணி நினைவுக்கு வருகிறார். கோர்ட் காகிதத்தில் தியாகராஜ் சூப்ரமணி. இந்த நாட்டில் சட்டம் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் படித்தே ஆகவேண்டிய தமிழ்ப் பெயர். ஆங்கிலத்தில் அந்த ‘மணி’யை எழுதும்போது ‘பணம்’ என்று பொருள்படும் எழுத்துக்கள் விழுந்துவிட்டன. பணம் இல்லாததால் தோற்ற மனிதர் பெயரின் வாலில் பணம். குமாஸ்தாக்கள் செய்கிற வேலையைப் பாருங்கள்.

டர்பன்காரர், 41 வயது, வேலை இல்லை. சர்க்கரை, இருதய நோய், இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார், காசு தீர்ந்தது. அரசின் அடிங்டன் மருத்துவமனைக்குப் போனார். அங்கே இருந்த இயந்திரங்கள் தேவைக்குப் போதவில்லை. யாருக்குக் கொடுப்பது என்று எழுதிவைத்த விதி இருந்தது: மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதி உள்ளவருக்குத்தான் தொடர் சிகிச்சை. இருதய நோய் உள்ளதால் இவருக்கு அந்தத் தகுதி இல்லை. சாசனம் நடைமுறைக்கு வந்த அதே வருடம், 1997ல், இவர் வழக்கு அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனது. உயிர்வாழும் உரிமை, அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிற 27(3) இரண்டையும் வைத்து வாதாடினார்கள். மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து அடிபட்டவரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் திருப்பி அனுப்பிய இந்திய வழக்கைக்கூட நீதிபதிகள் எடுத்துப் பார்த்தார்கள். அது திடீர் ஆபத்து, இது தொடர் நோய் என்று பிரித்தார்கள். இருக்கிற வசதிக்குள்தான் அரசு செய்ய முடியும், விதி நியாயமானது, எல்லோருக்கும் ஒரேமாதிரி கடைப்பிடிக்கப்பட்டது என்று நவம்பர் 27 அன்று தீர்ப்பு. அதற்குப்பின் அவர் அதிக நாள் இருக்கவில்லை.

அந்தத் தீர்ப்பின்மேல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கோபம். எனக்கும் அப்போது கோபம்தான். சாசனம் பிறந்து பத்து மாதத்தில் முதலில் கதவைத் தட்டியவரே நம் ஆள், அவரையே வெறுங்கையோடு அனுப்பினார்களே என்று. இப்போது வயதான பிறகு வேறுமாதிரி தெரிகிறது. நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. சுப்பிரமணிக்கு நாடு ‘இல்லை’ என்று நேருக்கு நேர் சொன்னது. ஏன் இல்லை என்று டாக்டர் சொன்னார், விதியைக் காட்டினார்கள், பதினோரு நீதிபதிகள் கொண்ட கோர்ட் காரணம் எழுதியது. அது எழுத்தில் இருப்பதால்தான் இன்றைக்கும் ‘இயந்திரம் ஏன் போதவில்லை, பட்ஜெட்டை யார் போட்டது’ என்று பிள்ளைகள் வகுப்பில் சண்டைபோட முடிகிறது. என் சன்னலில் தோற்றவர்கள் யாரும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

‘இருக்கிற வசதிக்குள், படிப்படியாக’ என்பது சாசனத்திலேயே உள்ள வாசகம். யோசித்தால் அதுவும் ஒரு ‘நாளைக்கு வா’தான். அந்த நாளை எப்போது என்று கேட்க முடியுமா என்பதுதான் கேள்வி. 2000ல் க்ரூட்பூம் வழக்கில் கேட்டார்கள். கேப்டவுனுக்கு வெளியே வாலஸ்டீனில் 390 பெரியவர்களும் 510 குழந்தைகளும் குடிசை இடிக்கப்பட்டு விளையாட்டு மைதானத்தில் பிளாஸ்டிக் தாளுக்குக் கீழே கிடந்தார்கள். தீர்ப்பை எழுதியவர் எங்கள் டர்பன்காரர், கண் பார்வையற்ற நீதிபதி ஸாக் யாகூப். ஒவ்வொருவருக்கும் உடனே வீடு கொடு என்று அவர் சொல்லவில்லை. அரசின் வீட்டுத் திட்டம் பெரிதுதான், ஆனால் இன்று இரவு தலைக்குமேல் கூரையே இல்லாதவனுக்கு அதில் ஒரு வரிகூட இல்லையே, அதனால் அது நியாயமான திட்டம் ஆகாது என்றார். வழக்கை ஜெயித்த ஐரீன் க்ரூட்பூம் 2008ல் இறந்தபோது குடிசையில்தான் இருந்தார். தீர்ப்புக்கும் செங்கல்லுக்கும் நடுவே எத்தனை சன்னல்கள் இருந்தனவோ.

இரண்டு வருடம் கழித்து நெவிரபைன் மருந்து வழக்கு. பிரசவ வலி எடுத்ததும் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்குச் சில சொட்டு. எச்ஐவி பிள்ளைக்குப் போவதை அது பெருமளவு தடுக்கும். கம்பெனி ஐந்து வருடத்துக்கு இலவசமாகத் தருகிறேன் என்றது. அரசோ மாகாணத்துக்கு இரண்டு இடத்தில் மட்டும் பரிசோதித்துப் பார்ப்போம் என்றது. இங்கே ‘வசதி இல்லை’ என்ற வாதமே செல்லாது. 2002 ஜூலையில் கோர்ட், தடையை எடு, மருத்துவர் தேவை என்று சொல்கிற அரசு மருத்துவமனையெல்லாம் கொடு என்றது. பிரசவ வார்டில் நர்ஸாக இருந்த என் சித்தி மகள் அதுவரை எத்தனை தாய்மார்களுக்கு என்ன சொல்லி அனுப்பினாள் என்று நான் கேட்டதில்லை. அவளும் என்னைக் கேட்டதில்லை. சன்னலுக்கு உள்பக்கத்து மரியாதை.

எல்லா நல்லதும் கோர்ட்டிலிருந்து வந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தேசம் முழுக்கக் குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசத் தண்ணீர் என்ற கொள்கை 2001ல் வந்தது. டர்பன் அதற்கு முன்பே ஏழை வீடுகளுக்கு நாளுக்கு 200 லிட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை. அவ்வளவு கொஞ்சம் தண்ணீருக்கு மீட்டர் பார்த்து, பில் எழுதி, வசூலிக்கிற செலவைப் போட்டுப் பார்த்தார்கள், சும்மா கொடுப்பதே லாபம் என்று தெரிந்தது. கணக்குத் தெரிந்த ஒரு நல்ல அதிகாரியும் சாசனத்துக்குச் செய்யக்கூடியது நிறைய. அதே ஊர்ப் பக்கம் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் உடைந்தது. அங்கே இருக்கும் என் அத்தை மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றார். எழுபத்தெட்டு வயதில். ஆயா குழாயைத் திறந்து திறந்து மூடினது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

என் கடைசி வருடம் 2017. அந்த மார்ச் மாதத்தை மறக்க முடியாது. நாடு முழுக்க மாதம் 1 கோடியே 70 லட்சம் உதவித்தொகைகளைப் பட்டுவாடா செய்துகொண்டிருந்த தனியார் கம்பெனியின் ஒப்பந்தம் செல்லாது என்று 2013லேயே கோர்ட் சொல்லியிருந்தது. மாற்று ஏற்பாடு செய்ய அவகாசமும் கொடுத்திருந்தது. அவகாசம் மார்ச் 31ல் முடிகிறது, ஏற்பாடு ஒன்றுமில்லை. நாலு வருடமாக மேலே உட்கார்ந்திருந்தவர்களும் நாளைக்கு நாளைக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் ஒரே கேள்வி: “ஏப்ரல் பணம் வருமா?” எனக்குத் தெரியாது. வெளியே கேட் பக்கத்தில் மஷோனிசாக்கள், அதாவது கந்துவட்டிக்காரர்கள், வழக்கத்தைவிட அதிகமாக நின்றார்கள். அவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். பிளாக் சாஷ் என்ற மனித உரிமை அமைப்பு வழக்குப் போட்டது. மார்ச் 17ல் கோர்ட் வேறு வழியின்றி அதே கம்பெனியை இன்னும் ஒரு வருடம் தொடரச் சொல்லிச் சனங்களைக் காப்பாற்றியது. அடுத்த வருடம், வழக்குச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை அமைச்சர் பத்தபிலே ட்லாமினி சொந்தக் காசில் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. செய்தியைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் அந்தப் பள்ளிச் சீருடைப் பெண் நினைவுக்கு வந்தாள். ஏழு மாதப் பணத்தில் என் பங்கை யார் கேட்டார்கள்?

சாசனத்தில் 237 என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒரே வாக்கியம். சாசனம் விதித்த கடமைகள் எல்லாவற்றையும் கருத்தோடும் தாமதமின்றியும் நிறைவேற்ற வேண்டும். கருத்தோடு, தாமதமின்றி. ஓய்வு பெறுகிற வருடத்தில் ஒரு பயிற்சி வகுப்பில்தான் அதை முதன்முதலில் பார்த்தேன். அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தின அரைமணி நேரத்தில்.

இப்போது மாதம் இரண்டு நாள் கோவில் கூடத்தில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். சிலரோடு துணைக்கும் போகிறேன். போன மாதம் எதிர்வீட்டு அக்காவோடு போனேன். விடியற்காலை நாலரைக்கு வரிசையில் நின்றோம், அவருக்கு நாற்காலியும் பிளாஸ்கில் டீயும் கொண்டுபோயிருந்தேன். பத்தரைக்குச் சன்னலுக்கு வந்தோம். உள்ளே இருந்தது இருபத்தைந்து வயதுப் பெண், நகத்தில் பச்சைச் சாயம். களைத்துப்போயிருந்தாள்.

“சிஸ்டம் ஆஃப்லைன், மா. புயா குசாசா.”

இப்போதெல்லாம் இப்படித்தான். நாங்கள் அஃபிடவிட் கேட்டோம், இவர்களுக்குச் சிஸ்டம்.

“சிஸ்டம் வராட்டிப் பரவாயில்ல மகளே,” என்றேன், பாதி ஜூலு பாதி இங்கிலீஷில். “இவங்க இன்னிக்கு வந்தாங்கன்னு ஒரு காகிதத்துல எழுதித் தேதி முத்திரை போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடு. நாளைக்கு வர்றோம்.”

அப்படி ஒரு படிவம் இல்லையே என்றாள். வெள்ளைக் காகிதம் போதும் என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நீங்க இங்க வேலை பார்த்தவங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள், வரிசை நகரவில்லை என்று. அவள் பிரிண்டரிலிருந்து ஒரு தாளை உருவி, அக்காவின் பெயரை ஐடியைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள். கடைசி எழுத்துக்கு வந்ததும் நிறுத்தி, “ஒரு ‘ம்’மா, ரெண்டா?” என்று கேட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தார். “ஐடியில் இருக்கிறமாதிரியே எழுதும்மா,” என்றேன்.